வகுப்பில் எடுத்த படம்

பரமார்த்த குருவின் கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் குறைவு. ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்க்கிற சீடனையும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி ஏமாறுகிறவர்களையும் நமக்குச் சிறு வயதிலேயே தெரியும். ஆனால் அந்தக் கதை யாருக்காக எழுதப்பட்டது என்று யோசித்துப் பார்க்கிறவர்கள் அதிகம் இல்லை. வீரமாமுனிவர் அதை நம் வீட்டுக் குழந்தைகளை உத்தேசித்து எழுதவில்லை. தமிழ்நாட்டுக்கு வந்து, இங்கே புழங்குகிற தமிழைக் கற்றுக்கொள்ளத் திண்டாடிய ஐரோப்பியப் பாதிரிமார்களுக்கு வாசிப்புப் பாடமாக எழுதினார். கொடுந்தமிழுக்கு அவர் இலத்தீனில் செய்த இலக்கணம் 1738ல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அந்தக் காரியத்தோடு சேர்ந்த காரியம்தான் இந்தக் கதையும். 1822ல் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் பதிப்பித்தார். பாடமாகப் பிறந்த ஒன்று, அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டியவர்கள் எல்லாரும் போன பிறகும், கதையாக நின்றுவிட்டது.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற அந்த ஐந்து பேரும் வெறும் முட்டாள்கள் அல்ல என்பது என் அபிப்பிராயம். அவர்கள் புதிதாக ஒரு மொழியைக் கற்கிறவர்கள். பிறர் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறார்கள். குதிரை முட்டை என்று ஒருவன் சொன்னால் குதிரை முட்டைதான். ஆற்றைக் கடந்த பிறகு தலைகளை எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறானே, அவனுக்கும் புது மொழியில் ‘நான்’ என்ற சொல்லை எங்கே வைப்பதென்று தெரியாத மாணாக்கனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முப்பது வயதில் தமிழ் மண்ணை மிதித்து, அதற்குப் பிறகு தமிழ் கற்ற இத்தாலியர் ஒருவர், தம்முடைய ஆரம்ப நாட்களை நினைத்துச் சிரித்த சிரிப்பு அதில் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

இதே போன்ற விபத்து ஒன்று பாரிஸிலும் நடந்தது. ருமேனியாவில் பிறந்த யூஜின் அயனெஸ்கோ 1948 வாக்கில் ஆங்கிலம் கற்க ஆசைப்பட்டு, ‘அஸ்ஸிமில்’ என்ற கம்பெனியின் சுயபோதினி ஒன்றை வாங்கி, அதிலிருந்த வாக்கியங்களைச் சிரத்தையாகப் பிரதி செய்ய ஆரம்பித்தார். வாரத்துக்கு ஏழு நாள், தரை கீழே இருக்கிறது, கூரை மேலே இருக்கிறது என்பன போன்ற மகத்தான உண்மைகள் அவருக்கு அதில் கிடைத்தன. ஒரு கணவனும் மனைவியும், தாங்கள் எந்த ஊரில் குடியிருக்கிறோம், தங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்பதையெல்லாம் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ளும் உரையாடல்களைப் படித்துப் பிரமித்துப் போனார். ஆங்கிலம் வந்ததோ இல்லையோ, ‘வழுக்கைத் தலைப் பாடகி’ என்ற நாடகம் வந்தது. 1950 மே 11ஆம் தேதி அது முதன்முதலாக மேடை ஏறியது. 1957 தொடங்கிப் பல பத்தாண்டுகளாக பாரிஸின் சின்னஞ்சிறு அரங்கு ஒன்றில் அதை ஆடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இவ்விரண்டையும் இங்கே சொல்லக் காரணம் உண்டு. வெளிநாட்டு மொழி சொல்லிக்கொடுக்கிற வகுப்புகளில், மாணவர்களையே நடிக்க வைத்து ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் ஓடுகிற படங்களை எடுப்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அந்தப் படங்களைக் கலை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆசிரியருக்கு அது ஒரு பயிற்சி. மாணவருக்கு ஒரு விளையாட்டு. பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேடிக்கை. அவற்றை விமரிசனம் செய்ய வேண்டுமா என்று கேட்கலாம். ஒரு பாதிரியாரின் பயிற்சிப் பாடம் இலக்கியமாகலாம், ஒரு சுயபோதினி நாடகமாகலாம் என்றால், ஒரு வகுப்பின் படம் நல்ல படமாக ஏன் ஆகக்கூடாது? ஆகிறதா என்று பார்ப்பதற்காகவே இப்படிப்பட்ட படங்கள் பலவற்றைத் தேடிப் பார்த்தேன்.

முன்பெல்லாம் இது சுலபமான காரியமாக இல்லை. வீட்டு உபயோகத்துக்கென்று 8 மில்லிமீட்டர் பிலிம் 1932லேயே வந்துவிட்டது. 1965ல் சூப்பர் 8 வந்தது. ஒரு டப்பாவில் 50 அடி பிலிம். நொடிக்கு 18 படம் வீதம் ஓடவிட்டால் 3 நிமிஷம் 20 நொடியில் தீர்ந்துபோகும். பிலிம் வாங்கக் காசு, கழுவக் காசு. ஆகையால் எதை எடுக்கப் போகிறோம் என்பதைக் காகிதத்தில் எழுதி, நாலு தடவை அடித்துத் திருத்திவிட்டுத்தான் பொத்தானைத் தொடுவார்கள். இப்போது செல்போன் இருக்கிறது. விடிந்ததிலிருந்து அடைகிற வரையில் எடுக்கலாம். எடுக்கவும் எடுக்கிறார்கள். நான் பார்த்த படங்களில் முக்கால்வாசி, மூன்று நிமிஷத்தில் முடித்திருந்தால் தப்பித்திருக்கும்.

மோசமான படங்கள் இரண்டு வகை. முதல் வகை, சினிமாவைப் பார்த்து எடுத்த சினிமா. சென்னையில் பிரெஞ்சு படிக்கிற இளைஞர்கள் சிலர் எடுத்த படம் ஒன்று இதற்கு நல்ல உதாரணம். கதை பாரிஸில் நடக்கிறது. பாரிஸுக்குப் போகப் பணம் ஏது? புதுச்சேரிக்குப் போயிருக்கிறார்கள். மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாக உள்ள தெரு ஒன்றில், கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, கையில் நீள ரொட்டியோடு கதாநாயகன் வருகிறான். கதாநாயகியும் வருகிறாள். மோதிக்கொள்கிறார்கள். ரொட்டி கீழே விழுகிறது. மிச்சத்தை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். உச்சரிப்பு சுத்தமாகவே இருந்தது. ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. 1954 நவம்பரில் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962ல் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருந்துவிடுகிறோம் என்று எழுதிக்கொடுத்த தமிழ்க் குடும்பங்கள் அந்த ஊரில் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் சேவகம் செய்து பென்ஷன் வாங்கியவர்கள் உண்டு. அவர்கள் பேசுகிற பிரெஞ்சில் நம் ஊர் ராகம் இருக்கும். அந்தத் தெருக்களில் கேமராவை வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு, பாரிஸாக வேஷம் போட ஒரு சுவர்தான் தேவைப்பட்டது. பிரெஞ்சு பேசுகிற ஒரு தமிழ்க் கிழவர் தேவைப்படவில்லை. அப்படி ஒருவர் வீட்டுத் திண்ணையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருந்தால், படத்துக்குக் கதையும் கிடைத்திருக்கும், பாஷையும் கிடைத்திருக்கும்.

இந்த வகைப் படங்களில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒரு படம் எந்த மொழியில் பேசுகிறது என்பது வேறு, எந்த மொழியில் எடுக்கப்பட்டது என்பது வேறு. வெளிச்சம் போதாது, சற்றுத் தள்ளி நில், கதவைச் சாத்து, நீ இப்போது அழ வேண்டும், ஏன் சிரிக்கிறாய் என்று நாள் முழுவதும் நடக்கிற பேச்செல்லாம் தாய்மொழியிலோ ஆங்கிலத்திலோ நடந்துவிடுகிறது. மனப்பாடம் செய்த ஆறு வாக்கியங்கள் மட்டும் பிரெஞ்சில். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் 1936ல் வந்த ‘சதி லீலாவதி’ முதல் 1950ல் வந்த ‘மந்திரி குமாரி’ வரையில் தமிழ்ப் படங்கள் எடுத்தார். ‘சகுந்தலை’யும் ‘மீரா’வும் அவர் எடுத்தவைதான். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரியாமலே தமிழ்ப் படத்தை நன்றாக எடுக்க முடியும் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அவர் மொழி கற்க வரவில்லை. படம் எடுக்க வந்தார். மொழி கற்க வந்தவர்கள் டங்கனைப் போல வேலை செய்தால், கடைசியில் கையில் இருப்பது படம் மட்டும்தான். அதுவும் டங்கனுடைய படம் மாதிரி இராது.

இரண்டாவது வகை, பாடப் புத்தகத்துக்குக் கைகால் முளைத்த படம். கடைக்காரர், வாடிக்கைக்காரர். “இது என்ன?” “இது கத்தரிக்காய்.” “கத்தரிக்காய் என்ன விலை?” கத்தரிக்காய் கண்ணெதிரே குவிந்து கிடக்கிறது, திரையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் பெயரை எந்த மனிதனும் இத்தனை தடவை சொல்ல மாட்டான். “அரைக் கிலோ போடுங்க” என்பான். பிரான்சில் 1950களில் ஒரு குழு, வெளிநாட்டாருக்கு முதலில் எந்தச் சொற்களைக் கற்பிப்பது என்று முடிவு செய்ய, சாதாரண ஜனங்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களை எண்ணிப் பார்த்தது. அதில் ஒரு வினோதம் அகப்பட்டது. தினம் கையில் எடுக்கிற முள்கரண்டி போன்ற சாமான்களின் பெயர்கள் பேச்சில் அநேகமாக வரவே இல்லை. எதிரே இருக்கிற பொருளைப் பெயர் சொல்லி யார் அழைக்கிறார்கள்? ஆகவே எண்ணிக்கையில் அகப்படாத அந்தச் சொற்களை வேறு விதமாகத் தேடிப் பிடித்துப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது. பாடப் புத்தகத்துக்கு அது அவசியம். திரைப்படத்துக்கு அதுவே விஷம். படம் காட்டிவிட்டதைப் பாத்திரம் மறுபடி சொன்னால், பாத்திரம் செத்துப்போகிறது.

பாட வாக்கியம் எப்போதுமே செத்த வாக்கியம் என்றும் சொல்லிவிட முடியாது. 1959ல் பிரான்சுவா த்ரூஃபோ எடுத்த ‘நானூறு அடிகள்’ படத்தில் ஒரு ஆங்கில வகுப்பு வருகிறது. அப்பா எங்கே என்ற கேள்வியை ஆங்கிலத்தில் சொல்லும்படி வாத்தியார் பையன்களை வதைக்கிறார். நாக்கைப் பல்லுக்கு நடுவே வைக்கத் தெரியாமல் பையன் தடுமாறுகிறான். வாத்தியாருக்கே வாய் திக்குகிறது. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிற அந்த்வான் என்ற பையன், தான் அப்பா என்று கூப்பிடுகிற மனிதர் தன்னைப் பெற்ற அப்பா அல்ல என்பது தெரிந்தவன். உச்சரிப்புக்காக வைத்த வாக்கியத்துக்குள் ஒரு வீட்டின் கதை புகுந்துகொள்கிறது. த்ரூஃபோ அதைச் சுட்டிக்காட்டி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

இனி நான் நல்ல படம் என்று நினைக்கிற ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். காவிரிக் கரையில் உள்ள ஊர் ஒன்றில், வெளிநாட்டார் எட்டுப் பேர் படித்த தமிழ் வகுப்பில் எடுத்தது. ஆசிரியர் என் நீண்ட நாளைய நண்பர். வசனத்தைப் பார்த்துக் கொடுக்கும்படி என்னைக் கூப்பிட்டார். வசனத்தில் கை வைக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, படம் பிடித்த இரண்டு நாளும் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

படம் ஒன்பது நிமிஷம். ஜப்பானியப் பெண் ஒருத்தி தமிழ் படிக்க வந்து ஒரு வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு நாள் பெட்டியும் பையுமாக வாசலுக்கு வருகிறாள். “எங்கே போறீங்க, பாட்டி?” என்று இவள் கேட்கிறாள். “பேரனுக்குக் காது குத்தறாங்கம்மா. போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் பாட்டி ஆட்டோவில் ஏறுகிறாள். பெண் மாடிக்குப் போய், நோட்டுப் புத்தகத்தில் இரண்டு சொல்லையும் எழுதி, ‘வரேன்’ என்பதற்கு எதிரே ‘வருகிறேன்’ என்று எழுதிக்கொள்கிறாள். நாட்கள் போகின்றன. பக்கத்து வீட்டு வாசலில் கோலம் இல்லை. இவள் தன் வாசலில் போடுகிற கோணல் கோலத்தை அங்கேயும் போட்டு வைக்கிறாள். கீரைக்காரி வருகிறாள். “அக்கா, பாட்டி வரலையா?” “அவங்க எங்கேம்மா வரப் போறாங்க? வீட்டைத்தான் வித்தாச்சே. மகன் வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு.” “வரேன்னு சொன்னாங்க.” “சொல்லுவாங்க. பின்னே, போறேன்னா சொல்லுவாங்க?”

அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு ஒரே ஒரு காட்சி. படிப்பு முடிந்து அந்தப் பெண் ஊருக்குப் புறப்படுகிறாள். தெருமுனையில் கீரைக்காரியைப் பார்க்கிறாள். ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, “போயிட்டு வரேன், அக்கா” என்கிறாள். “வா, வா” என்று சொல்லிவிட்டுக் கீரைக்காரி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறாள்.

புறப்படும்போது ‘போகிறேன்’ என்று சொல்லக்கூடாது என்பது நம் வீடுகளில் யாரும் கற்றுக்கொடுக்காமலே வருவது. அமங்கலம் என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு பொய் இருக்கிறது என்று நாம் நினைப்பதே இல்லை. அயல் காதில் விழுந்தால்தான் அது பொய்யாகிறது. அந்தப் பொய்யில் எத்தனை மரியாதை இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிகிறது. மட்டியும் மடையனும் செய்கிற அதே காரியத்தைத்தான் இந்தப் பெண்ணும் செய்கிறாள். சொன்ன சொல்லை அப்படியே நம்புகிறாள். கதையை யோசித்தவளும் அவளேதான். பாஷை தெரியாதவள் என்ற தன் நிலைமையை அவள் மறைக்கவில்லை. அதையே கதையாக்கிவிட்டாள். புதுச்சேரித் தெருவில் ரொட்டியோடு நின்ற இளைஞருக்கு அகப்படாத விஷயம் இது.

இந்த வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். படம் பிடிக்கிற இடத்தில் தமிழைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது. கேமராவைக் கையில் வைத்திருந்தவர் ஒரு ஜெர்மானிய இளைஞர். “நில்லு! நில்லுங்க! இல்லை, நட! நடங்க!” என்று ஏவல் வினைகளைத் தேடிக்கொண்டு அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். பாட்டியாக நடித்தவர் நிஜமாகவே பக்கத்து வீட்டு அம்மாள். “நட” என்று அவரைப் பார்த்து அந்த இளைஞர் உத்தரவு போட்டபோது, “நடக்கறேன்டாப்பா, ஏன் விரட்டறே?” என்று அம்மாள் கேட்டார்கள். ‘நட’வுக்கும் ‘நடங்க’வுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு ஆயுசுக்கும் மறக்காது. வகுப்பில் ஒரு வாக்கியத்தை ஒரு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். இங்கே எதிரே இருப்பவள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொல்ல வேண்டும். நாய் குறுக்கே ஓடிவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும். பஸ் ஹாரன் அடித்தால் மறுபடி. காரணத்தோடு பத்துத் தடவை சொன்ன வாக்கியம் நாக்கில் தங்கிவிடுகிறது. ஆனால் பன்னிரண்டாவது தடவை அது பஜனைப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது என்பதையும் பார்த்தேன். படத்தில் சேர்த்தவை எல்லாம் மூன்றாவது, நான்காவது தடவை எடுத்தவை. யார் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்களுக்கு நல்ல காது.

இந்தப் படத்துக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. என் கட்டுரைக்கே காரணம் அதுதான். மாணவர்கள் முடித்துக் கொடுத்த பிரதி ஒன்று. ஆண்டு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று, நல்ல குரல்வளம் உள்ள உள்ளூர்க் கல்லூரி மாணவி ஒருத்தியைக் கொண்டு ஜப்பானியப் பெண்ணின் பேச்சு முழுவதையும் மாற்றிப் பதிவு செய்த பிரதி மற்றொன்று. படங்கள் ஒன்றே, குரல் மட்டும் வேறு. விமரிசகனுக்கு இப்படிப்பட்ட அதிர்ஷ்டம் அடிக்கடி வாய்ப்பதில்லை.

திருத்திய பிரதியில் அவள், “பாட்டி, எங்கே செல்கிறீர்கள்?” என்கிறாள். “பாட்டி இன்னும் வரவில்லையா?” என்கிறாள். வானொலியில் செய்தி வாசிப்பவர் கீரை வாங்கப் புறப்பட்டுவிட்டது போல இருக்கிறது. கீரைக்காரியின் குரலை மாற்றவில்லை; ஆகவே ஒரே தெருவில், ஒரே வெயிலில், செய்தித் தமிழும் கீரைத் தமிழும் எதிரெதிரே நிற்கின்றன. கதையிலே உரையாடலை எந்தத் தமிழில் எழுதுவது என்று தமிழ் எழுத்தாளர்கள் எத்தனையோ காலமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம். எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று இரண்டு தமிழ் இருப்பது அயல்நாட்டாருக்குப் பெரிய தொல்லை. புத்தகத்தில் படித்ததைத் தெருவில் யாரும் பேசுவதில்லை. தெருவில் கேட்டதைப் புத்தகத்தில் காணோம். ஹெரால்ட் ஷிப்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வானொலி நாடகங்களைப் பாடமாக வைத்துப் பேச்சுத் தமிழுக்கு 1971லேயே ஒரு வாசகம் தயாரித்தார் என்றால், இந்தத் தொல்லையை அனுபவித்துத்தான். இந்தப் பெண் தெருத் தமிழை எட்டிப் பிடித்துவிட்டாள். விழாவுக்காக அவளைப் பிடித்து மறுபடி புத்தகத்துக்குள் அடைத்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஜப்பானிய மொழியில் ல, ள, ழ என்பவை இல்லை. எல்லாம் ஒரே ரகரமாகத்தான் வாயில் வரும். “பாட்டி வரலையா?” என்று அவள் கேட்டது, “வரரையா?” என்று விழுந்தது. கீரைக்காரி நடிகை அல்ல. அந்தத் தெருவில் தினம் கீரை விற்கிறவள். அவளுக்குப் புரியவில்லை. “என்னம்மா?” என்று கழுத்தை நீட்டிக் கேட்டாள். அந்தப் பெண் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, கையால் பாட்டி வீட்டைக் காட்டி, நிதானமாக மறுபடி கேட்டாள். இது எழுதிவைத்த வசனம் அல்ல, நடந்தது. படத்திலேயே உயிருள்ள ஐந்து நொடி என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒருத்தி கேட்கப் பிரயாசைப்படுகிறாள், இன்னொருத்தி புரிந்துகொள்ளப் பிரயாசைப்படுகிறாள். திருத்திய பிரதியில் இது இல்லை. சுத்தத் தமிழில் கேட்டவளைப் பார்த்து “என்னம்மா?” என்று ஏன் கேட்க வேண்டும்? ஆகையால் வெட்டிவிட்டார்கள்.

கடைசி வாக்கியத்தையும் பார்க்க வேண்டும். “போயிட்டு வரேன்” என்பதில் அவளுக்குக் கஷ்டமான லகர ழகரம் எதுவும் இல்லை. நாவை ஒரு தட்டுத் தட்டி எடுக்கிற நம் ரகரம் அவர்கள் ரகரத்துக்கு வெகு சமீபம். ‘ட்டு’வில் உள்ள அழுத்தத்தைப் போன்ற அழுத்தமும் அவர்கள் பேச்சில் உண்டு. ஆகவே ஒன்பது நிமிஷம் தட்டுத் தடுமாறிய பெண், கடைசியில் அந்த ஒன்றை மட்டும் இந்த ஊரில் பிறந்தவள் போலச் சொல்லிவிடுகிறாள். அவள் திட்டம் போட்டுச் செய்தாளா, தற்செயலாக அமைந்ததா என்று நான் கேட்கவில்லை. திருத்திய பிரதியில் ஆரம்பத்திலிருந்தே எல்லாம் சுத்தமாக இருப்பதால், இது யாருடைய காதிலும் விழுவதில்லை. அதோடு கதையும் அர்த்தம் இல்லாமல் போகிறது. “எங்கே செல்கிறீர்கள்” என்று கேட்கிற அளவுக்குத் தமிழ் தெரிந்தவளுக்கு, “போயிட்டு வரேன்” என்றால் என்ன என்று தெரியாமல் போகுமா?

நண்பர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த வருஷம் வருகிற மாணவர்கள் இந்தப் படத்தைப் பார்த்து ‘வரரையா’ என்று கற்றுக்கொண்டால் என்ன செய்வது என்றார். அதற்கு நான் பயப்படவில்லை, கீரைக்காரிகள் இருக்கிறார்கள், “என்னம்மா?” என்று கேட்டுவிடுவார்கள். ஆனால் அவர் சொன்ன இரண்டாவது காரணம் கனமானது. நம் நாடகத்திலும் சினிமாவிலும் வெள்ளைக்காரத் துரை தமிழ் பேசுவதும் சேட்டு தமிழ் பேசுவதும் எத்தனை காலமாகச் சிரிப்புக்குச் சரக்காக இருந்து வருகின்றன! மேடை போட்டு இந்தப் படத்தைக் காட்டும்போது அந்தப் பெண்ணைப் பார்த்து ஜனங்கள் சிரித்துவிட்டால் என்ன ஆவது? இது வாத்தியார் பயம் அல்ல, தகப்பன் பயம். ஆனாலும் துரை வேஷத்தில் சிரிப்பை உண்டாக்குவது நம் ஊர் நடிகர் ஒருவர் வேண்டுமென்று கோணிக் காட்டுகிற நாக்கு. இங்கே நாக்கு அவளுடையது. வேஷம் இல்லாத இடத்தில் அந்தச் சிரிப்பு நிலைக்காது என்று நான் வாதாடினேன். சினிமாவில் வேற்று ஊர் நடிகைகளுக்கு நாம் இரவல் குரல் கொடுத்துக் கொடுத்து, அயலார் ஒருவர் தம் சொந்தக் குரலில் தமிழ் பேசினால் எப்படி இருக்கும் என்பதே நமக்கு மறந்து போயிருக்கிறது.

அயல்நாட்டார் ஒருவர் “வணக்கம், நல்லா இருக்கீங்களா?” என்றால் நாம் கை தட்டுகிறோம். மூன்றாவது வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறோம். கை தட்டுவதும் ஆங்கிலத்துக்குத் தாவுவதும் ஒன்றுதான். இரண்டிலும் அவர் சொன்னதை நாம் கேட்கவில்லை. அந்தக் கீரைக்காரி கை தட்டவும் இல்லை, தாவவும் இல்லை. என்ன சொல்கிறாய் என்று கேட்டாள்.

படத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. நோட்டுப் புத்தகத்தைக் காட்டுகிற காட்சி இரண்டு பங்கு நீளம். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று கேமராக்காரர் மயங்கிவிட்டார் போலிருக்கிறது. நாட்கள் கழிவதைக் காட்ட, கிழிகிற காலண்டர் தாளைக் காட்டுகிறார்கள். நம் சினிமா அதை எப்போதோ தேய்த்துத் தீர்த்துவிட்டது. கோலம் போடுகிற காட்சியின் பின்னால் புல்லாங்குழல் வேறு வருகிறது. அந்த இடத்தில் வாசல் கூட்டுகிற துடைப்பச் சத்தம் மட்டும் இருந்திருந்தால் போதும். ஆட்டோக்காரராக வருகிற அமெரிக்கர் எதற்காக வருகிறார் என்று எனக்குக் கடைசி வரையில் விளங்கவில்லை. எட்டுப் பேருக்கும் ஒரு வேஷம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமாக இருக்கலாம். வகுப்பு என்றால் அப்படித்தான்.

ஆண்டு விழாவில் திருத்திய பிரதியைத்தான் காட்டினார்கள். நல்ல கைதட்டல். மாணவர்கள் செய்த பிரதி அவர்களுடைய செல்போன்களிலும் நண்பருடைய கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. அதை ஒரு நாள் தெருவில் கீரைக்காரிக்குப் போட்டுக் காட்டினார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். தன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பாட்டி ஆட்டோவில் ஏறுகிற இடத்தில், “பாவம்” என்றாள். முடிந்ததும் அவள் சொன்ன குறை ஒன்றே ஒன்று. முளைக்கீரை வாடிப்போயிருக்கிறது, இப்படிக் கீரையை நான் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவேனா, நீங்கள் நாலு தடவை நிற்க வைத்ததால்தான் வந்தது என்றாள். போய்ப் பார்த்தேன். உண்மைதான். காலை ஏழு மணிக் காட்சியில் கீரை பதினொரு மணி வெயிலில் காய்ந்த கீரையாக இருக்கிறது. இரண்டு பிரதியிலும் அதை யாரும் திருத்தவில்லை.